இலை கரைந்தால் வேரைத் தொடாதீர்கள்

நட்ட எட்டாம் நாள் காலையில் அது நடந்தது. முந்தின இரவுவரை பழுப்பும் பச்சையுமாக விறைத்து நின்ற இலைகள், காலையில் தொட்டி விளக்கைப் போட்டபோது எண்ணெய்த்தாள் போல ஒளி ஊடுருவ நின்றன. விரலால் தொட்டேன். நனைந்த அப்பளம் போலக் குழைந்து கையோடு வந்தது. இரண்டே நாளில் இலைகள் எல்லாம் போய், மணலுக்கு மேலே நான்கைந்து காம்புக் கட்டைகள் மட்டும் மிஞ்சின. செத்துவிட்டது என்று முடிவுகட்டி வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். பிடுங்கியபோது வேர்க்கொத்து வெள்ளை வெளேரென்று, மணலைக் கவ்வியபடி வந்தது. அதைப் பார்த்த பிறகும் போட்டேன்.

அடுத்த வாரம் சென்னை கொளத்தூரில், வண்ணமீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெரு ஒன்றில், செடித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வேர் எப்படி இருந்துச்சு தம்பி?"

"வெள்ளையா, நல்லா இருந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் பிடுங்குனீங்க? அது இலையத்தான விட்டுச்சு."

பல ஆண்டுகளாக மீன்தொட்டியில் செடி வளர்த்துவருகிறேன். வேரூன்றும் நன்னீர்ச் செடிகளைப் பற்றி யார் கேட்டாலும் அந்தப் பெரியவரின் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறேன். கண்ணாடிக்குள் நாம் பார்ப்பது இலையை. செடி தன் வாழ்க்கையை நடத்துவது மணலுக்கு அடியில்.

அன்று நான் தூக்கியெறிந்த செடியின் பெயர் கிரிப்டோகோரைன் வென்டியை. கடைக்காரர்கள் சுருக்கமாக 'கிரிப்ட்' என்பார்கள். சேம்பும் சேனையும் கருணைக்கிழங்கும் சேர்ந்த குடும்பம் இது. தாயகம் இலங்கை, உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இதன் இலங்கை உறவினர்களும் பலர்: பெக்கெட்டியை, வாக்கரி, துவெய்ட்டீசியை, எல்லாவற்றிலும் குட்டையான பார்வா. கண்டிக்கு அருகே பேராதனைத் தாவரவியல் தோட்டத்தை 1849 முதல் நடத்திய துவெய்ட்ஸ், அவருக்குப் பின் 1880-இல் பொறுப்பேற்ற டிரைமன் ஆகியோரின் பெயர்கள் இந்தச் செடிகளின் தாவரவியல் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வென்டியைக்கு 1958-இல் பெயர் சூட்டியவர் நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட். அதற்குள் ஐரோப்பாவின் வீட்டுத் தொட்டிகளுக்கு இலங்கைச் செடிகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

தமிழ்நாட்டுக்கும் இந்த இனத்தில் பங்குண்டு. வயலோரத்திலும் வாய்க்கால் சேற்றிலும் வளரும் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸின் கிழங்கைத்தான் சித்த மருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கிறார்கள். இமயமலையில் விளையும் அதிவிடயத்துக்கு மாற்றாக அது பயன்படுகிறது.

கிரிப்டுகளில் பல இனங்கள் வளரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஓடைக்கரை, ஆற்றோரச் சேறு. மழைக்காலத்தில் தலைக்கு மேல் தண்ணீர். கோடையில் நீர் வடிந்து கரை வெளியே தெரியும்போது செடியும் வெளியே நிற்கும். ஒரே செடி ஆண்டில் சில மாதம் நீர்வாசி, சில மாதம் நிலவாசி. இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே இலை உதவாது. அதனால் அது இரண்டு வகை இலை செய்யக் கற்றிருக்கிறது.

காற்றில் முளைக்கும் இலைக்கு முதல் கவலை காய்ந்துபோகாமல் இருப்பது. மேலே மெழுகுப் படலம், கதவு போலத் திறந்து மூடும் இலைத்துளைகள், தன்னைத் தானே தாங்கி நிற்கும் விறைப்பு எல்லாம் அதற்கு உண்டு. தண்ணீருக்குள் முளைக்கும் இலைக்குக் காய்ந்துபோகும் பயம் கிடையாது. அதன் கவலை கரியமில வாயு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அந்த வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையைச் சுற்றி அசையாமல் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்போர்வையைத் தாண்டி ஒவ்வொரு மூலக்கூறும் உள்ளே வந்தாக வேண்டும். ஆகவே நீருக்குள் பிறக்கும் இலை சில செல்கள் தடிமனே இருக்கும். மெழுகு பெயருக்குத்தான் இருக்கும்; பச்சையம் மேல்தோல் செல்களிலேயே நிறைந்திருக்கும். தோல் முழுவதாலும் குடித்து, தோல் முழுவதாலும் மூச்சுவிடும் இலை அது.

இப்போது கடைக்குத் திரும்புவோம். நீர்ச்செடிப் பண்ணைகளில் கிரிப்டையும் அமேசான் சோர்டையும் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரம் நிறைந்த கூடாரங்களில்தான் வளர்க்கிறார்கள். காற்றில் கரியமில வாயு தாராளமாகக் கிடைப்பதால் செடி வேகமாக வளரும், பாசி படியாது, அனுப்புவதும் எளிது. அங்கே வளர்ந்த காற்றிலைகளோடு அதை வாங்கிவந்து நாம் ஒரே மூச்சில் தண்ணீருக்குள் அமுக்குகிறோம். மெழுகு பூசிய இலையால் அங்கே மூச்சுவிட முடிவதில்லை. செடி அதைக் கைவிட்டுவிட்டு, குருத்திலிருந்து நீரிலையைச் செய்யத் தொடங்குகிறது. கிரிப்ட் இதில் இன்னும் கூருணர்வு உடையது. ஆண்டுக்கணக்காக நீருக்குள்ளேயே வளர்ந்த செடிகூட, இடம் மாற்றி நட்டாலும், பல மாதம் மாற்றாத தண்ணீரை ஒரே நாளில் பாதிக்கு மேல் மாற்றினாலும், விளக்கைத் திடீரென்று பலமானதாக்கினாலும், இலைகளைக் கரைத்துவிடும். மேற்கத்திய வளர்ப்பாளர்கள் நெடுநாள் இதை ஒரு நோய் என்றே நினைத்து மருந்து தேடினார்கள்.

நீர் ஏறுவதும் இறங்குவதுமான கரையில் வாழ்ந்த செடிக்கு, சூழல் மாறினால் பழைய இலையைச் சுமந்துகொண்டிருப்பதைவிட அதை விட்டுவிட்டு, கிழங்கில் உள்ள சேமிப்பை வைத்துப் புதிதாகத் தொடங்குவதே லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும் நாம் செய்ய வேண்டியது குறைவு. கரைந்த இலைகளைக் காம்பின் அடியில் வெட்டி, சிறிய குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள்; உள்ளேயே அழுகினால் அம்மோனியா பெருகி மீனைப் பாதிக்கும். பிறகு விளக்கு, தண்ணீர், உரம் எதையும் மாற்றாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் மணலை ஒட்டி, சுருட்டிய பீடி போல ஒரு பழுப்புக் குருத்து வரும். வாங்கிய இலையை அளவாக வைத்து அதை அடையாளம் காண முடியாது. நிறம், அகலம், ஓரத்து நெளிவு எல்லாமே வேறாக இருக்கும்.

சேற்றுக்குள் ஒரு நெல்வயல்

வேர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள மீன்தொட்டியைவிட நெல்வயல் நல்ல இடம். மண்ணின் மேல் தண்ணீர் நின்றுவிட்டால், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். மேலேயிருந்து புதிதாக இறங்கும் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழம்கூடத் தாண்டாது. அதற்குக் கீழே நுண்ணுயிர்கள் வேறு பொருள்களை வைத்துப் பிழைக்கின்றன: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, கடைசியில் சல்பேட். இரும்பின் முறை வரும்போது செடிக்கு நல்ல காலம். துருவாக, கரையாமல் கிடந்த இரும்பு, நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. நம் ஊர்ச் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். நீருக்கடியில் அது உணவுக் களஞ்சியமாகிவிடும். மண்ணில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் இதோடு சேர்ந்து விடுபடுகிறது.

சல்பேட்டின் முறை வந்தால் நிலைமை கெடும். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். மணலைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதுதான். வேர்களுக்கு அது நஞ்சு.

இந்தச் சேற்றில் வேர் எப்படிப் பிழைக்கிறது? நெல்லும் நீர்ச்செடிகளும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. தண்டிலும் வேரிலும் காற்றறைகள். இலையில் உண்டாகும் ஆக்சிஜன் அவற்றின் வழியே வேர்நுனிவரை இறங்குகிறது. வேர் அதில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள சேற்றுக்குள் கசியவிடுகிறது. அந்த மெல்லிய வளையத்துக்குள் சல்பைடு நஞ்சு நீங்குகிறது. கரைந்திருந்த இரும்பு வேரின் மேலேயே துருவாகப் படிகிறது. வயலில் நெல்தூரைப் பிடுங்கினால் வேர்களில் செம்பழுப்பு நிறம் தெரியுமே, அது இதுதான். நம் உழவர்கள் திருந்திய நெல் சாகுபடியில் 'நீர் மறைய நீர் கட்டு' என்கிறார்கள்; இடையிடையே வயல் காய்ந்தால் வேருக்குக் காற்று கிடைக்கும். மீன்தொட்டியைக் காயவைக்க முடியாது. அங்கே மண்ணுக்குக் காற்றூட்டும் வேலை முழுவதும் செடியின் வேரையே சேர்ந்தது.

மண்போட்ட தொட்டியில் நான்கு செடி நட்டு, 'பார்க்கலாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று விட்டுவைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். வேர் ஓடாத மண் சில வாரங்களில் கறுத்து நாறத் தொடங்கும். முதல் நாளே அடர்த்தியாக நடுங்கள். செலவு கூடுதல்தான்; ஆனால் விலை மலிவான, வேகமாக வேர்விடும் செடிகளால் நிரப்பி, பிறகு மெல்லக் களைந்துகொள்ளலாம்.

என் முறையைச் சொல்கிறேன். உரமோ சாணமோ படாத தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து, வாளியில் பத்து நாள் ஊறவைத்து, மேலே மிதக்கும் குச்சி சருகை வடித்துவிடுவேன். தொட்டியின் அடியில் அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர். அதற்கு மேல் கழுவிய பருமணல், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் பருமன் உள்ளது, மூன்று நான்கு சென்டிமீட்டர். மண்ணை மூடுவதுதான் மணலின் வேலை. கடற்கரை மணல் வேண்டாம். சிப்பித்தூள் கலந்திருப்பதால் தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். சலிக்காத எம்-சாண்டின் நுண்தூள் கெட்டிப்பட்டு வேரை நெரிக்கும். மணலுக்கு அடியில் வெறும் தோட்டமண் போட்டுச் செடி வளர்ப்பதை, அறிவியல் காரணங்களோடு விளக்கி உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட். 1999-இல் வந்த அவருடைய நூல், விலை உயர்ந்த உரமண் இல்லாமலே தொட்டி அமைக்கலாம் என்ற துணிச்சலைப் பலருக்குக் கொடுத்தது. எனக்கும்தான்.

ஏற்கெனவே வெறும் கூழாங்கல் போட்டுவிட்டவர்கள் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்க வேண்டியதில்லை. செம்மண்ணையும் களிமண்ணையும் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேர்களுக்கு அருகே அழுத்திவிட்டால் போதும். யூரியா, டி.ஏ.பி. போன்ற வயல் உரங்களை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் அம்மோனியா ஒரே இரவில் மீன்களைக் கொன்றுவிடும். செடிக்கு வேண்டிய நைட்ரஜனை மீனின் கழிவே தருகிறது.

நடும்போது குருத்து மணலுக்குள் புதையக் கூடாது. வேரை மட்டும் ஆழமாக இறக்கி, பிறகு செடியைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். வேர் தொடங்கும் கழுத்து மணல்மட்டத்தில் தெரிந்தால் நிறுத்துங்கள். ஒடிந்த, கறுத்த வேர்களை மட்டும் நறுக்கினால் போதும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் இந்தக் கணக்கில் வராது. அவை பாறையையும் வேரடிக்கட்டையையும் பற்றி வளர்பவை. தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கல்லில் கட்டிவிடுங்கள்.

விளக்கு ஆறிலிருந்து எட்டு மணிநேரம் எரிந்தால் தாராளம். நேர்வெயில் வேண்டாம், பாசிதான் வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்றவை கரியமில வாயு போதாதபோது தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டில் இருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். கடினநீரில் அது மிகுதி. ஹைட்ரில்லா இலையின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால், அந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம். கோடைதான் நம் பக்கத்துச் சோதனை. தண்ணீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் செடி மூச்சுவிடும் வேகம் கூடுகிறது, நீரில் கரையும் வாயுவின் அளவு குறைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மூடியைத் திறந்து ஒரு சிறு மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் ஓடவிடுவேன். ஆவியாகும் நீரே தொட்டியை இரண்டு மூன்று டிகிரி குளிர்விக்கும்.

கன்று, போத்து, பதியன்

நீர்ச்செடியைப் பெருக்குவதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வாழைத்தோட்டமும் முருங்கையும் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான்.

கிரிப்ட் வாழையைப் போல. மணலுக்கு அடியில் தாய்க்கிழங்கிலிருந்து வெள்ளையான ஓடுதண்டு கிளம்பி, ஐந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பக்கக்கன்று எழும்பும். அவசரப்படாதீர்கள். கன்றுக்கு ஐந்தாறு இலை வரட்டும். வந்ததும் பிளேடை மணலுக்குள் விட்டு இணைப்பை மட்டும் அறுத்துவிட்டு, கன்றை அங்கேயே இரண்டு வாரம் விட்டுவிடுவேன். சொந்த வேரில் நிற்கப் பழகிய பிறகு பெயர்த்தால், கரைந்துபோவது குறைகிறது. பழைய கிழங்கைத் தூக்கியெறியாமல் கணுவோடு இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி ஆழமில்லாத தண்ணீரில் போட்டுவையுங்கள். பல துண்டுகளில் குருத்து வரும். நான் முதல் செடியைப் பிடுங்கிப்போட்ட அதே இடத்தில், அறுந்து தங்கிப்போன துண்டொன்றிலிருந்து நான்கு மாதம் கழித்து இரண்டு இலை எழுந்து நின்றது.

கிரிப்டின் பூவைப் பார்க்க ஆசை இருந்தால் தண்ணீருக்கு வெளியே வளர்த்துப் பாருங்கள். சின்ன மண்சட்டியில் செம்மண் நிரப்பிச் செடியை நட்டு, தண்ணீர் நிற்கும் தட்டில் வைத்து, ஒளி புகும் பிளாஸ்டிக் உறையால் மூடி, நிழலான சன்னலோரத்தில் வையுங்கள். புதிய காற்றிலைகள் வந்த பிறகு உறையை நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். ஒருநாள் முறுக்கிய மடல் ஒன்று எழும்பும். உண்மையான பூக்கள் அந்த மடலின் அடியில், ஒரு சிறு குடம் போன்ற அறைக்குள் ஒளிந்திருக்கும். செடியின் பெயருக்கே கிரேக்கத்தில் 'மறைந்த தடி' என்று பொருள். மணத்தைத் தேடி உள்ளே இறங்கும் சிறு ஈக்கள் அந்த அறையில் அடைபட்டு, மகரந்தம் பூசிக்கொண்டு பிறகு விடுதலையாகின்றன.

வாலிஸ்நேரியா எருக்கஞ்செடி உயரத்துக்குக்கூட வளரக்கூடிய நாடா இலைச் செடி. இதன் ஓடுதண்டு மணலுக்கு மேலேயே ஓடும். அருகம்புல் போல வரிசையாகக் கன்றுகளை நட்டுக்கொண்டே போகும். நான்கைந்து இலையும் வேரும் வந்த கன்றை அறுத்து வேறிடத்தில் நடலாம். நீண்ட இலையைப் பாதியில் கத்தரித்தால் வெட்டுவாயிலிருந்து பழுத்து வரும், ஆகவே முழு இலையாக அடியில் கிள்ளுங்கள். கடைகளில் 'திரவக் கார்பன்' என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு மருந்தை இதற்குக் காட்டவே காட்டாதீர்கள்.

இந்தச் செடியின் மகரந்தச் சேர்க்கையை ஒருமுறையாவது கண்ணால் காண வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் அடியில் உறைக்குள் உருவாகும் கடுகளவுப் பூமொட்டுகள் அறுந்து, குமிழிகளாக மேலேறி, நீர்ப்பரப்பில் விரிந்து, தம் இதழ்களையே படகாக்கி மிதக்கும். பெண் பூ நீண்ட, மெல்லிய காம்பின் நுனியில் நீர்மட்டத்தில் சிறு குழிவு உண்டாக்கிக் காத்திருக்கும். மிதந்துவரும் ஆண் பூக்கள் அந்தக் குழிவுக்குள் சரிந்து விழுகின்றன. சூல்கொண்டதும் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. நம் தொட்டிகளில் பெரும்பாலும் இது நடப்பதில்லை. ஒரே தாயின் ஓடுதண்டில் பிறந்த கன்றுகளே கைமாறிக் கைமாறி வருவதால், தொட்டி முழுக்க இருப்பது ஒரே பாலாக இருக்கும். இரண்டு மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்கிச் சேர்த்து இப்போது காத்திருக்கிறேன்.

தண்டுச் செடிகளுக்கு முருங்கைப் போத்து முறை. நுனியிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் நறுக்கி, அடியில் இரண்டு கணுக்களின் இலையைக் களைந்து மணலில் செருகினால், கணுவிலிருந்து வேர் வரும். வெட்டிய அடித்தண்டு இரண்டாகக் கிளைக்கும். கடையில் 'ஹைக்ரோஃபிலா' என்று வாங்குவது நம் குளத்தங்கரை நீர்முள்ளியின் உடன்பிறப்பு. 'பக்கோபா' என்று கட்டுக்கட்டாக விற்கும் செடிகளுள் ஒன்று நீர்ப்பிரமியேதான். நாட்டு மருந்துக் கடைக்கும் மீன்தொட்டிக் கடைக்கும் இடையே இத்தனை உறவு இருப்பதை நம் கடைக்காரர்களே சொல்வதில்லை.

அமேசான் சோர்டுக்குப் பதியன். வளர்ந்த செடி அனுப்பும் நீண்ட பூந்தண்டில் பூவோடு குட்டிச் செடிகளும் முளைக்கும். தண்டை வளைத்து, குட்டி மணலைத் தொடும்படி ஒரு கல்லை வைத்துவிடுங்கள். வேர் பிடித்ததும் அறுத்துவிடலாம்.

கொட்டிச் செடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகளுக்கு எதிராக, ஆம்பலோடும் நெய்தலோடும் குளத்திலேயே கிடந்து வாடும் உறவாக மூதுரையில் ஔவையார் காட்டுவது இதைத்தான். அப்போனோஜெட்டன் என்பது இதன் தாவரவியல் இனப்பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இதன் உறவான அப்போனோஜெட்டன் கிரிஸ்பஸ், நெளிந்த நீள இலைக்காக உலகமெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. குளம் வற்றும்போது இலை காய்ந்தாலும் சேற்றுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். தொட்டியில் குளம் வற்றுவதில்லை. ஆனாலும் பல கிழங்குகள் ஆண்டுக்கொருமுறை இலைகளை உதிர்த்து இரண்டு மூன்று மாதம் சும்மா கிடக்கும். கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கல்போல இருந்தால் உறங்குகிறது, விட்டுவிடுங்கள். கொழகொழத்தால்தான் அழுகல். நடும்போது பாதிக் கிழங்கு மணலுக்கு மேலே தெரியட்டும்.

இரண்டு மீனும் சில நத்தைகளும்

நீர்ச்செடிகளை வெயிலில் வைத்தால்தான் நல்ல காற்றுக் குமிழிகள் வருகின்றன, இருட்டில் வருவதில்லை என்று 1779-இல் காட்டியவர் இங்கன்ஹவுஸ் என்ற அறிவியலாளர். அதை வைத்து ஒரு முழு உலகத்தைக் கண்ணாடிக்குள் நடத்திப் பார்த்தவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். இரண்டு பொன்மீன், மணலும் சேறும், அதில் நட்ட வாலிஸ்நேரியா. தண்ணீரை மாற்றாமலே மீனும் செடியும் ஒன்றையொன்று வாழவைக்குமா என்பது அவர் கேள்வி. முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பழைய இலைகள் அழுகி, தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பாசி படிந்தது. அவர் செடியைக் குறைகூறவில்லை. இயற்கைக் குளத்தில் அழுகும் இலை என்ன ஆகிறது என்று யோசித்து, சில குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-இல் அவர் வெளியிட்ட இந்தக் குறிப்பிலிருந்துதான் வீட்டு மீன்தொட்டி என்ற கலையே வளர்ந்தது.

இன்றும் கடைகளில் நத்தை கொல்லி மருந்து விற்கிறார்கள். என் தொட்டிகளில் கூம்பு வடிவச் சிறு நத்தைகள் பகலெல்லாம் மணலுக்குள் புகுந்து கிளறி, இரவில் கண்ணாடியில் ஏறுகின்றன. உழவனுக்கு மண்புழு போல அவை எனக்கு. எண்ணிக்கை மிதமிஞ்சினால் மீனுக்குப் போடும் தீனியைக் குறைப்பேன். இரண்டு வாரத்தில் அவையும் குறைந்துவிடும்.

செடி நன்றாக வளரத் தொடங்கினால் அடுத்த கேள்வி, கழிப்பதை எங்கே போடுவது என்பது. இதில் தவறினால் விலை பெரிது. தொட்டியில் வளர்ந்த இலங்கைப் பெக்கெட்டியை, யாரோ கொட்டியதால் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சான் மார்கோஸ் ஆற்றில் வேரூன்றிவிட்டது. உலகிலேயே அந்த ஆற்றில் மட்டும் வாழும் ஒரு காட்டரிசிப் புல்லை அது நெருக்கியதால், அதை அகற்றுவதற்கென்றே வேலை நடத்த வேண்டியிருந்தது. அதே நேரம் இலங்கையில் சில கிரிப்ட் இனங்கள் தம் சொந்த ஓடைகளில் அழியும் நிலையில் நிற்கின்றன. 2020-இல் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி நீர்நிலை இளஞ்சிவப்புப் பூக்கம்பளமாக மாறியதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது நினைவிருக்கலாம். அந்தப் பூ கபோம்பா, தென்னமெரிக்காவைச் சேர்ந்த மீன்தொட்டிச் செடி. ஒரு கணுத் துண்டு போதும் அதற்கு.

சான் மார்கோஸில் நடந்ததும் கோழிக்கோட்டில் நடந்ததும் நம் ஏரிகளில் நடக்கலாம். அதனால் வெட்டியதைக் கால்வாயிலோ குளத்திலோ கழிவறையிலோ போடுவதில்லை. வாரந்தோறும் கழித்த ஓடுதண்டு, இலை, வேர்த்துண்டு எல்லாவற்றையும் ஒரு பழைய தட்டில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் வைக்கிறேன். மூன்று நாளில் கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். அதை மல்லிகைத் தொட்டியில் போட்டுக் கிளறி, மீன்தொட்டியிலிருந்து எடுத்த பழந்தண்ணீரையே ஊற்றிவிடுவேன்.